ஏகாவில் இரண்டு பேர்

ஏப்ரல் 14, கொச்சி

செண்டை மேளத்தோடு வழியனுப்பினார்கள். நான் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டேன். அப்போது நான் படகின் முன்னறையில், மடித்து வைத்த பாய்மரத் துணிகளுக்கு அடியில், முழங்கால் தாடையில் இடிக்கக் கிடந்தேன். மெத்தை முழுக்கக் கரும்பூஞ்சை. போன மழையில் நனைந்ததை யாரும் வெயிலில் போடவில்லை. சட்டைக் கழுத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் அதே வாடை.

மேலே கௌஷிக் மைக்கில் பேசினான். "சித்திரை ஒண்ணு. ஒரு மனுஷன், ஒரு படகு, ஒரு சமுத்திரம்." கைதட்டல்.

குடியேற்ற அலுவலகத்தில் இரண்டு பெயர்களைக் கொடுத்திருக்கிறோம். கௌஷிக், படகின் உரிமையாளர். ஜெனோவா மச்சாது, மாலுமி. அங்கே பொய் சொல்ல முடியாது. அவனுடைய 'ஒற்றைப் பாய்' யூடியூப் சேனலைப் பார்க்கிற லட்சக்கணக்கான பேருக்குத்தான் ஒரே பெயர்: கொச்சியிலிருந்து மொரிஷியஸ் வரை பாய்மரப் படகில் தன்னந்தனியாகப் போகும் தமிழன். படகுக்கே 'ஏகா' என்றுதான் பெயர்.

துறைமுக வாயைத் தாண்டி, பின்னால் வந்த படகுகள் எல்லாம் திரும்பிய பிறகு மேலே வந்து சுக்கானைப் பிடித்தேன். அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "ஜெனோ, கெளம்பும்போது என் முகம் சோகமா தெரிஞ்சிருக்கும்ல?"

இருபது வருஷமாக அடுத்தவர் படகை ஓட்டுகிறேன். முதலாளிகள் விமானத்தில் போவார்கள், நான் படகைக் கடல் வழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். லங்காவி, புக்கட், காலி, மாலே. ஆனால் ஒளிந்து கிடந்தது இதுவே முதல்முறை. சம்பளத்துக்கு வந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 15

வாந்தி எடுத்தான். கடலில் அல்ல, பாத்திரம் கழுவும் தொட்டியில். நேற்றைய நூடுல்ஸ் வடிகாலில் அடைத்துக்கொண்டது. நான்தான் விரலை விட்டு எடுத்தேன்.

ஏப்ரல் 17

இன்று விதிகளைச் சொன்னான். கேமரா ஓடும்போது நான் கீழே போய்விட வேண்டும். என் துணி எதுவும் கம்பியில் காயக் கூடாது. குடிக்க ஒரே டம்ளர்தான் வெளியே இருக்கலாம். செருப்பு ஒரு ஜோடிதான் தெரிய வேண்டும். இருமல் வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் சுக்கான் அருகே உட்கார்ந்து கேமராவைப் பார்த்து அழுதான். "மூணு நாளா ஒரு மனுஷ முகத்தைப் பார்க்கல. என் குரலே எனக்கு அந்நியமா இருக்கு." அவன் காலடியில், கேமராவில் படாத மாதிரி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கையை மட்டும் உயர்த்தி நான் சுக்கானைப் பிடித்திருந்தேன். காற்று மாறிக்கொண்டிருந்தது, விட முடியாது. அவன் கண்ணீர் சொட்டு ஒன்று என் மணிக்கட்டில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. உப்புத் தண்ணீர் ஒரு வாளி மொண்டு கையைக் கழுவினேன்.

ஏப்ரல் 19

உட்காரும் இடத்தில் கால் நகங்கள். வெட்டி அப்படியே விட்டிருக்கிறான். ஒன்று என் டீயில் கிடந்தது.

ஏப்ரல் 22

மாலத்தீவுகளுக்கு மேற்கே இறங்கிக்கொண்டிருக்கிறோம். காலையில் வடமேற்கிலிருந்து நல்ல காற்று. பெரிய பாயை முழுக்க விரித்து, முன்பாயைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தேன். ஏகா பழைய படகு. அடிப்பகுதியில் சிப்பி ஒட்டியிருக்கிறது, கழிப்பறைக் குழாய் கசிகிறது, எங்கே கையை வைத்தாலும் பிசுபிசுப்பு. ஆனால் பக்கவாட்டுக் காற்று கிடைத்ததும் தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. சுக்கானில் விரல் நுனி மட்டும் போதும். அலையின் முதுகில் ஏறும்போது ஒரு மூச்சு நிற்கும், இறங்கும்போது பின்னால் தண்ணீர் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போடும். சாப்பாட்டை மறந்து மத்தியானம் வரை அப்படியே நின்றிருந்தேன்.

பிறகு அவன் எழுந்து வந்தான். கேமரா. நான் கீழே போனேன்.

சாட்டிலைட் இணையம் வழியாக நேற்றுப் போட்ட வீடியோவுக்கு வந்த பின்னூட்டங்களைச் சத்தமாக வாசித்துக் காட்டினான். 'கடல் புலி.' 'சோழன் ரத்தம்.' என்னைத் தவிர வாசித்துக் காட்ட அவனுக்கு வேறு ஆளில்லை.

இவனுக்கு இன்னும் ஒரு முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரியாது.

ஏப்ரல் 27

பூமத்திய ரேகை. காற்றே இல்லை. பாய் ஈரத் துணி மாதிரித் தொங்கி, படகு உருளும்போதெல்லாம் பாய்மரத்தில் அறைகிறது. மூட்டையில் உருளைக்கிழங்கு அழுகிவிட்டது. எடுக்கப் போனால் விரல் உள்ளே இறங்கியது. அந்த வாடை உடம்பிலிருந்து போகவே மாட்டேன் என்கிறது.

ரேகையைத் தாண்டியதற்குக் கடலுக்குப் பால் ஊற்றிப் படம் எடுத்தான். பால் திரிந்திருந்தது.

ஏப்ரல் 29

விடிந்ததும் தெற்கே ஒரு நீலப் படகு தெரிந்தது. தொலைநோக்கியில் பார்த்தேன். ஆழ்கடல் மீன்பிடிப் படகு, கம்பில் சட்டையைக் கட்டி ஆட்டினார்கள். எஞ்சின் ஓடுகிற புகை இல்லை. நீரோட்டத்தில் பக்கவாட்டாக மிதந்தது.

கௌஷிக்கை எழுப்பினேன். பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது பயம். கொஞ்ச நேரம் எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

"சாட்டிலைட் போன்ல பொசிஷன் சொல்லிடலாம். யாராவது வருவாங்க."

"வர்றதுக்கு ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும்?"

"கிட்டப் போனா அவங்க போன்ல எடுப்பாங்க ஜெனோ. உங்களைப் பார்ப்பாங்க."

"அப்ப நீங்க கீழே போய்ப் படுத்துக்கோங்க. நான் மேலே நிக்கிறேன். இந்தத் தடவை நீங்க ஒளிஞ்சுக்கோங்க."

எஞ்சினைப் போட்டேன். போய்விட்டான், நிஜமாகவே கீழே.

கன்னியாகுமரிப் பக்கத்துத் தூத்தூர்க்காரர்கள். எங்கள் தூத்துக்குடிக்கு ஒரு பகல் தூரத்துப் பேச்சு, ஆனாலும் கேட்டதும் ஊர் ஞாபகம் வந்தது. ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிறவர், ததேயூஸ். ஐம்பது வயது இருக்கும், உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

"அக்கா, குடிக்க வெள்ளம் உண்டுமா? வெள்ளம் தந்தா போதும்."

தண்ணீர்க் கேன்களைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தேன். மேலே எட்டுப் பேர். ஒருவர் குடித்து முடிக்கும் வரை அடுத்தவர் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, யாரும் பிடுங்கவில்லை.

"கியர் பெட்டி ஒடஞ்சு போச்சு அக்கா. வயர்லெஸ்ஸும் எடுக்கல்ல. வெள்ளம் தீந்த பெறவு, மீனுல போட்ட ஐஸ் உருகினத குடிச்சாக்கும் கெடந்தோம்."

அந்த மீன் அழுகிவிட்டது. அடியறை மூடியைத் திறக்காமலேயே வாடை வந்தது. அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்கள்.

"உள்ள ஒரு பையன் கெடக்கான். கையில கொக்கி ஏறினதாக்கும். இப்ப வயித்தாலயும் போவுது. ஒண்ணு பாக்கணும்."

அந்தப் படகுக்குத் தாவிப் போய்ப் பார்த்தேன். பையன் என்றாரே தவிர, முப்பது வயது ஆள். பெயர் சூசைபாலன். வலது கை தோள்பட்டை வரை வீங்கி, உள்ளங்கை பச்சையும் கறுப்புமாக இருந்தது. கட்டியிருந்த துணியைப் பிரித்தேன். உள்ளே ஏதோ நெளிந்தது. அவர் படுத்திருந்த சாக்கு முழுக்க நனைந்திருந்தது.

நான் வெளியே ஓடிவந்து கடலில் வாந்தி எடுத்தேன். இருபது வருஷத்தில் கடலில் இது முதல் வாந்தி. ததேயூஸ் தலையைத் திருப்பிக்கொண்டார், எனக்கு வெட்கம் வரக் கூடாதென்று.

நிமிர்ந்தபோது கௌஷிக் எங்கள் படகில் மேலே வந்து நின்றிருந்தான். கையில் கேமரா இல்லை.

"என்னாச்சு?"

சொன்னேன்.

"இங்க கொண்டு வாங்க. என் ரூம்ல போடுங்க" என்றான்.

ஏப்ரல் 30

காற்று இல்லை. இரண்டு படகுகளையும் கயிற்றில் பிணைத்து மிதக்கிறோம். மாலத்தீவிலிருந்து காவல் கப்பல் வரும் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

எழுத விருப்பமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். சூசைபாலனுக்கு நேற்றிலிருந்து எல்லாம் செய்வது கௌஷிக். நான் அல்ல. நான் இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பினேன். அவன் குடும்ப டாக்டரைப் போனில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல, இடுக்கியைக் கொதிக்க வைத்து, புண்ணிலிருந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தான். முதலுதவிப் பெட்டியிலிருந்த மாத்திரைகளைக் கரைத்துக் கொடுத்தான். உப்பும் சர்க்கரையும் கலந்து கரண்டி கரண்டியாகப் புகட்டினான். மணிக்கொரு தரம் அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கடலில் கொட்டினான். என்னைத் தாண்டித்தான் போனான். மூக்கைச் சுளிக்கவில்லை. என் டீயில் நகம் வெட்டிப் போட்ட அதே ஆள்.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அம்மா ஆறு வருஷம் படுக்கையில இருந்தாங்க. நர்ஸ் யாரும் நிக்க மாட்டாங்க. அம்மா திட்டுவாங்க, கடிப்பாங்க. அப்புறம் நானே பண்ணிட்டேன்." வாளியை அலசிக்கொண்டே சொன்னான். "இதுல என்ன இருக்கு ஜெனோ? உடம்புதானே."

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவனை முழுசாக வெறுத்துவிட்டால் எவ்வளவு வசதி! அதைக்கூடக் கெடுத்துவிட்டான்.

மே 1

காவல் கப்பல் வந்தது. சூசைபாலனைத் தூக்குப் படுக்கையில் ஏற்றினார்கள். அவர் இடது கையால் கௌஷிக்கின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இவன் குனிந்து காதில் ஏதோ சொன்ன பிறகுதான் விட்டார். மீன்பிடிப் படகை இழுத்துக்கொண்டு போனார்கள். ததேயூஸ் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "அக்கா, ஒங்க பேரு?" சொன்னேன். ஏன் சொல்லக் கூடாது?

அறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று தடவை கழுவினோம். வாடை போகவில்லை.

மே 4

ஒரு சூறைமழை வந்து ஆட்டோபைலட்டைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. இனிக் கையால்தான் ஓட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய கேடு கீழே நடந்தது. இன்று அவன் போட்ட வீடியோவைப் பார்த்தேன். அன்றைக்கு ஒளிந்திருந்தபோது ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்திருக்கிறான். தண்ணீர் குடிக்கும் மனிதர்கள், வெடித்த உதடு, கும்பிடும் கை. கேன் கொடுக்கும் என் கை வருகிற இடங்களை வெட்டிவிட்டான். அந்தக் காட்சிகளின் மேல் அவன் குரல்: "தனி ஒருவனா என்னால என்ன செய்ய முடியும்னு யோசிச்சேன். ஒன்பது உயிர். நானும் கடலும் மட்டும்."

"நீங்க சூசைபாலனுக்குச் செஞ்சது ஒண்ணுகூட இதுல இல்லையே?"

"அதைப் போய் எப்படி வீடியோவுல போடுறது? ச்சீ."

சுக்கானுக்குத் திரும்பிவிட்டேன். எது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று இவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ!

மே 7

தென்கிழக்குக் காற்று பிடித்துவிட்டது. பலமாக, நிற்காமல், ராட்டினம் சுற்றுகிற மாதிரி ஒரே சீராக. படகு பறக்கிறது. தோள் வலிக்கிறது.

மே 8

ததேயூஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு தொலைக்காட்சியில் அவரை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். "ஒரு அக்காயாக்கும் படக ஓட்டிட்டு வந்தது. ஜெனோவான்னு பேரு. அந்தத் தம்பி எங்க பாலனுக்குத் தாயப்போல செய்தாரு." இரண்டாவது வாக்கியத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வாக்கியம் ஊர் முழுக்கப் பற்றிக்கொண்டது.

கௌஷிக் கீழே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். திட்டுகிறவர்கள், பணம் போட்ட கம்பெனி, சேனல் மேனேஜர். சோறு வைத்தேன். தொடவில்லை.

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

மே 9

கேட்காமலே பின்னூட்டங்களை எனக்கும் வாசித்துக் காட்டினான். இப்போது கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. படகை யார் ஓட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நடுக்கடலில் ஓர் ஆண், மறைத்து வைத்த ஒரு பெண். அவர்களுக்கு அது போதும். என் வயதை வைத்துச் சிரிக்கிறார்கள். நான் எங்கே படுப்பேன் என்று கணக்குப் போடுகிறார்கள். பழைய போட்டோ ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, அதன் மேல் எழுதியிருப்பதை நான் இங்கே எழுத மாட்டேன். அழுகிய உருளைக்கிழங்குக்குள் விரல் இறங்கியது நினைவுக்கு வந்தது. இது அதைவிட ஆழம்.

மதியம் என் தம்பி அல்போன்ஸிடமிருந்து ஒரு வரி: "அம்மா கோயிலுக்குப் போகவில்லை. என்ன காரியம் செய்துவிட்டாய்?"

பாயைக் கொஞ்சம் சுருக்கினேன்.

மே 10

காலையில் கௌஷிக் ஓர் அறிக்கை எழுதி வைத்திருந்தான். மேனேஜர் சொல்லிக் கொடுத்ததாம். அனுப்பும் முன் எனக்கு வாசித்தான்.

"படகில் சமையல் உதவிக்காக மூத்த பெண்மணி ஒருவர் உடன் வந்தார். படகைச் செலுத்துவதில் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை."

"இது உங்களுக்கும் மரியாதைதான் ஜெனோ. மூத்த பெண்மணி, சமையல்னு சொன்னா அந்த அசிங்கப் பேச்செல்லாம் நின்னுடும்."

நிஜமாகவே எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். ஒரு மனிதனின் மலத்தை முகம் சுளிக்காமல் அள்ளின கை எழுதின வாக்கியம் அது.

"அனுப்புங்க" என்றேன். சுக்கானை அவன் கையில் பிடித்துக் கொடுத்தேன்.

"எங்க போறீங்க?"

"வெங்காயம் உரிக்க."

மே 11

நேற்றுக் காலையிலிருந்து நான் சமையல்காரி.

சாம்பார், பொரியல், அப்பளம். படகு ஆடுகிற ஆட்டத்தில் அடுப்போடு என்னையும் ஒரு வாரால் கட்டிக்கொண்டு சமைத்தேன். தட்டை மேலே கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கையும் சுக்கானில் இருந்ததால் அவனால் சாப்பிட முடியவில்லை. அலை ஒன்று வந்து சாம்பாரைக் கொண்டுபோயிற்று.

"ஜெனோ, காத்து ஏறுது. பாயைச் சுருக்கணுமா?"

"எனக்கு என்ன தெரியும்? ரசம் வேணுமா?"

இரவில் பாய்கள் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டுப் படகைத் தத்தளிக்க விட்டு உட்கார்ந்திருந்தான். நான் படுத்திருந்தேன். தூங்கினேன் என்று எழுத நினைத்தேன். பாய் படபடக்கும் ஒவ்வொரு தடவையும் கை தானாகக் கயிற்றைத் தேடியது.

காலையில் மறுபடி ஓட்ட ஆரம்பித்தான். ஆட்டம் குறையட்டும் என்று காற்றை நேர் முதுகில் வாங்கினான். அப்படி ஓட்டக் கூடாது; கொஞ்சம் தவறினால் பாய் மறுபக்கம் புரண்டுவிடும். கீழிருந்து எனக்குத் தெரிந்தது, பின்பக்கம் நழுவுவதை உள்ளங்காலே சொன்னது. நான் பருப்பைக் கிளறினேன்.

புரண்டது. பாயின் அடிக்கட்டை படகின் குறுக்கே பறந்து மறுபக்கம் போய் மோதிய சத்தத்தில் தட்டுகள் எல்லாம் கீழே விழுந்தன. அவன் தலை தப்பியது எப்படியென்று தெரியவில்லை. பெரிய பாய் ஓரத்திலிருந்து நடு வரை கிழிந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பல்லைப் பிடுங்கின மாதிரி இருந்தது.

"ஜெனோ!"

"பருப்பு வேகட்டும்" என்றேன்.

அப்புறம் அவன் கூப்பிடவில்லை. மேல்தளத்தில் காலடிச் சத்தம் முன்னோக்கிப் போயிற்று. கூரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெறுங்கால். பாதுகாப்பு வார் இல்லை. ஒரு கையால் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து, மறு கையால் கிழிந்த பாயை இறக்கப் பார்க்கிறான். கயிறு எங்கோ சிக்கி வரவில்லை. சுக்கானில் ஆளில்லாமல் ஏகா அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் கால் வழுக்கியது, மறுபடி ஊன்றியது, மறுபடி வழுக்கியது.

அடுப்பை அணைத்து, பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

அலை தூக்கியபோது அவனுடைய அரைக்கால் சட்டையின் இடுப்புப் பட்டி என் கைக்குள் வந்தது. இருவரும் தளத்தில் விழுந்தோம். அவன் கால்கள் வெளியே தொங்கின. என் வாரின் கொக்கியைக் கழற்றி அவன் மேல் மாட்டினேன். பிறகு கயிற்றை விடுவித்தேன். கிழிந்த பாயை இரண்டு பேரும் வயிற்றால் அமுக்கி இறக்கினோம்.

பின்னால் வந்து உட்கார்ந்ததும் அழுதான். மூக்கு ஒழுக, அசிங்கமாக. இந்த அழுகை கேமராவுக்கு உதவாது.

"சுக்கானைக் கொடுங்க" என்றேன்.

"நான் செத்திருப்பேன்."

"ஆமா. நகருங்க."

மே 13

நாள் முழுக்கப் பாய் தைத்தேன். ஊசி விரலில் ஏறிப் பாயெல்லாம் ரத்தப் புள்ளி. முன்பாயை மட்டும் வைத்து, அவன் சுக்கானைப் பிடித்திருந்தான். சொன்ன திசையை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் கீழே போய் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். கேமராவிடமா, போனிலா, தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மே 15

அல்போன்ஸிடமிருந்து: "படகை ஓட்டியது நீதான் என்று அவன் பேசிய வீடியோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். நாலு தடவை பார்த்தாள். நீ பாய் தைப்பது வருகிறதே, அதில் தலை ரொம்ப நரைத்துத் தெரிகிறதாம். சாயம் அடிக்கச் சொல்கிறாள். வீட்டுக்கு எப்போது வருகிறாய்?"

என்னைக் கேட்காமல் படம் எடுத்திருக்கிறான். திருட்டுப் பயல்.

நல்ல காற்று. தைத்த பாய் தாங்குகிறது.

மே 20, போர்ட் லூயிஸ்

கரைக்கு முன்னால் கரையின் நாற்றம் வந்தது. டீசல், சாக்கடை, எங்கேயோ கரும்பு கொதிக்கிற மாதிரி ஒரு தித்திப்பு.

மாலை போட ஒருவரும் வரவில்லை. வருவதாக இருந்த தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் ரத்து செய்துவிட்டார்களாம். சேனலில் இப்போது அவனைத்தான் கிழிக்கிறார்கள்: சேலைக்குப் பின்னால் ஒளிந்தவன், ஆண்பிள்ளையா என்று. நான் சேலையே கட்டுவதில்லை. போன வாரம் என்னைத் திட்டிய அதே பெயர்கள் இந்த வாரம் எனக்குச் சிங்கப்பெண் பட்டம் கொடுக்கின்றன. எது அதிக அருவருப்பு என்று தீர்மானிக்க முடியவில்லை.

சூசைபாலன் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள், கை பிழைத்தது. "தம்பி, வீட்டுக்கு வரணும். அம்மச்சி ஒங்கள பாக்கணும்னு கெடந்து தவிக்குது." கௌஷிக் அதைத் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டான். எதிலும் போடவில்லை.

மே 23

அவன் இன்று ஊருக்கு விமானம் ஏறுகிறான். ஏகாவை விற்கப்போகிறான். சீஷெல்ஸில் ஒருவர் வாங்கத் தயார், படகு அங்கே போய்ச் சேர வேண்டும்.

"நீங்க கொண்டு போவீங்களா? கூட ரெண்டு பேர் ஏற்பாடு பண்றேன்."

"யோசிக்கிறேன்."

"ஜெனோ..." என்று ஆரம்பித்தான். கையை நீட்டினான். அந்தக் கையைப் பார்த்தேன். குலுக்கினேன்.

முடியாது என்றுதான் சொல்லப்போகிறேன். இந்தக் குப்பைத்தொட்டியில் இன்னும் ஆயிரம் மைல் யார் போவார்கள்?

மே 24

முன்னறை மெத்தையைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். புதியது தைக்கச் சொல்லியிருக்கிறேன். கழிப்பறைக் குழாயை மாற்றியாயிற்று. அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்ட ஆள் பேசியிருக்கிறேன். அதெல்லாம் முடிந்த பிறகு அவனுக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிடுவேன்.

மே 28

போன் செய்தான். என்ன முடிவு என்றான். சுருக்குக் கயிறுகள் எல்லாம் புதிதாக வேண்டும் என்றேன். வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். எத்தனை ஆள் அனுப்பட்டும் என்றான்.

ஆள் வேண்டாம் என்றேன்.

ஜூன் 4, கடலில்

எட்டுத் திக்கிலும் ஒன்றுமில்லை. காற்று வலது தோளுக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு வாரால் சுக்கானைக் கட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். ஏகா தன் போக்கில் போகிறது.

காலையில் தளத்தில் வந்து விழுந்த பறக்கும் மீனைக் குழம்பு வைத்து, சட்டியோடு மடியில் வைத்து, விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டேன். சட்டையில் சிந்திய குழம்பு காய்ந்துவிட்டது. மாற்றவில்லை. கிளம்பியதிலிருந்து தலையில் தண்ணீர் ஊற்றவில்லை. ஈர உள்ளாடை, மீன் செதில், வியர்வை, தலை எண்ணெய். படியிறங்கும்போது எனக்கே முகத்தில் அடிக்கிறது.

இந்தப் படகில் இப்போது வீசுகிற நாற்றம் முழுக்க முழுக்க என்னுடையது.